குமரப்பா கேட்ட கணக்கு

உலகிற் பெரியோர் எனப்படுவார் பலர். நாடு வென்றோரையும் நூல் செய்தோரையும் மக்கள் எளிதில் மறவார். ஆயின், எல்லாரும் இயல்பென்று கருதி வாளாவிருந்த ஒரு முறைகேட்டைக் கண்டு, இதன் செலவு எவர் கணக்கில் எழுதப்படுகிறது என்று வினவியவரை உலகம் விரைவில் மறந்துவிடுகின்றது. அத்தகையோருள் ஒருவர் ஜோசப் செல்லத்துரை குமரப்பா. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்து, கணக்கியலில் தேர்ந்து, காந்தியடிகளின் பொருளியல் நெறிக்கு உரையாசிரியர் போல விளங்கியவர் அவர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளினின்று சைக்கிளேறிக் கல்லூரி வரும் நாம் அவர் வரலாற்றை எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் வீதிகளில் இன்று எழுந்துள்ள வழக்கிற்கு அவர் அன்றே தீர்ப்புக் கூறிச் சென்றுள்ளார்.

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரிற் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கொர்னேலியஸ், அரசாங்கப் பொதுப்பணித்துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம். கொர்னேலியஸ் என்னும் குடும்பப் பெயரையே மைந்தரும் இளமையில் தாங்கியிருந்தார். அவர் சென்னை டவுட்டன் பள்ளியிற் பயின்றார். அக்காலத்துச் சென்னையில் 1895ஆம் ஆண்டு முதலே மின்சார டிராம் வண்டிகள் ஓடிவந்தன. நடப்போரும், ஜட்கா வண்டியும், மாட்டு வண்டியும் வீதியைத் தம்முள் பகிர்ந்துகொண்டிருந்தனர். மோட்டார் வண்டியோ அருங்காட்சியாய் இருந்தது.

பின்னர் இளைஞர் இலண்டன் சென்று கணக்கியல் பயின்று, தேர்ச்சி பெற்ற கணக்காய்வாளரானார். முதல் உலகப் போருக்குப் பின் தாயகம் மீண்டு பம்பாயில் தொழில் நடத்தினார். மேனாட்டு உடையும் மேனாட்டுப் பழக்கமும் அவரிடம் நிறைந்திருந்தன. செல்வமும் மதிப்பும் சேர்ந்துவந்த அந்நிலையில், 1920களின் இறுதியில் மேற்படிப்பிற்காக அமெரிக்கா சென்றார். அங்கே சிராக்கியூஸ் பல்கலைக் கழகத்தில் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்று, கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். இந்தியாவின் வறுமைக்குக் காரணம் யாது என்பது பற்றி அவர் ஒரு தேவாலயத்தில் ஆற்றிய சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ணுற்ற பேராசிரியர் செலிக்மன், அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். குமரப்பா அரசாங்கத்தின் வரவு செலவை ஆராய்ந்தார். வரி கொடுப்பவர் யாவர், செலவினால் நலம் பெறுபவர் யாவர் என்று தேடினார். ஏழையின் கையினின்று பெற்ற பணம் ஏழைக்குத் திரும்பவில்லை என்பதைக் கண்டார். அன்று முதல், எப்பொருளைக் கண்டாலும் அதன் பற்று யார் பெயரில், வரவு யார் பெயரில் என்று கேட்பதே அவர் இயல்பாயிற்று.

தம் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு 1929ஆம் ஆண்டு மே மாதம் சாபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். அங்கே மரநிழலில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரைக் கண்டு சற்றே நின்றார். அம்முதியவரே காந்தியடிகள் என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது. உயர்ந்த மேனாட்டு உடையுடன் அவரும் தரையிலேயே அமர்ந்தார். அச்சந்திப்பு அவர் வாழ்க்கையை இரண்டாகப் பகுத்துவிட்டது. கொர்னேலியஸ் என்னும் பெயரை நீக்கிக் குமரப்பா என்னும் குடிப்பெயரை மேற்கொண்டார், கதர் உடுத்தார், தொழிலைத் துறந்தார். அடிகள் அவ்வாராய்ச்சியை 'யங் இந்தியா' இதழிலே தொடர்ந்து வெளியிட்டார்.

அடிகள் ஏவ, குஜராத் வித்தியாபீட மாணவர்களைத் துணைக்கொண்டு, கேடா மாவட்டத்து மாதர் வட்டத்துக் கிராமங்களில் ஒவ்வொரு குடும்பத்தின் வரவு செலவையும் குமரப்பா கேட்டெழுதினார். உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் 'யங் இந்தியா'வின் பொறுப்பை ஏற்று, எழுத்தின் பொருட்டுச் சிறை புகுந்தார். 1934ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரைப் பெருநில நடுக்கம் அழித்தபோது, துயர் தீர்க்கத் திரண்ட நிதியின் கணக்கைக் காத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றவே, அதன் செயலாளராய் வார்தாவின் மகன்வாடியில் தங்கி, எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், தேனீ முதலிய தொழில்களை வளர்த்தார்.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தை ஒட்டி மீண்டும் சிறை வாய்த்தது. சிறையறை அவருக்கு நூலகமாயிற்று. இயேசு பெருமானின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும் அங்கே உருவாயின. பின்னது 1945இல் அடிகளின் முன்னுரையுடன் வெளிவந்தது. இயற்கையில் ஐவகைப் பொருள்வாழ்வு உண்டென்று அதில் அவர் காட்டினார். பிறவுயிரைக் கொன்று வாழும் புலி கடையாயது; நடாத மாந்தோப்பிற் கனி பறிக்கும் குரங்கு அதற்கு அடுத்தது; தன் உழைப்பாற் கூடு கட்டும் பறவை நடுவாயது; கூட்டத்திற்காகத் தேன் சேர்க்கும் ஈ அதனினும் மேலாயது; கைம்மாறு கருதாது குஞ்சிற்கு இரையூட்டும் தாய்ப்பறவை தலையாயது. மேலும், செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கக் குறைவது ஒன்று; மரமும் விலங்கும் மனித உழைப்பும் போல மீண்டும் மீண்டும் தோன்றுவது மற்றொன்று. குறையும் செல்வத்தை நம்பி வாழும் சமுதாயம் அதன் பொருட்டுப் போர் செய்தே தீரும் என்பது அவர் துணிபு. எண்ணெய்க்காக நாடுகள் மோதிய வரலாற்றைப் பின்னர் கண்ட நாம் இதனை மிகையென்று தள்ள இயலாது.

வீதியையும் அவர் இக்கண்கொண்டே நோக்கினார். மோட்டாருக்கு ஏற்ற வன்தரைப் பாதை உழவன் கொடுத்த வரியாலும் அமைகிறது. ஆனால் அவ்வுழவனின் மாட்டுக் குளம்பிற்கு அது பொருந்துவதில்லை. ஆகவே, பாதையின் செலவு அதனால் நலம் பெறுவோர் தலையிலேயே விழ வேண்டும் என்பது அவர் கருத்து.

விடுதலைக்குப்பின் டெல்லியில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. ஊர்தி மாட்டு வண்டி என்பாரும் குதிரை வண்டி என்பாரும் உளர், உட்பொருள் ஒன்றே. விலங்கு பூட்டிய வண்டியில் அலுவல் நிமித்தம் சென்ற குமரப்பாவைப் போலீஸார் தடுத்து நிறுத்தினர். மோட்டார்கள் விரையும் வீதியில் அவ்வண்டிக்கு இடமில்லை. குமரப்பா இதனைப் பிரதமர் நேருவிடம் முறையிட்டார். விரைந்தோடும் லாரிகளால் வண்டிக்காரருக்கு ஊறு நேராதிருக்கவே அத்தடை என்று விடை வந்தது. அவர் அமைதியுறவில்லை. ஊறு செய்வதனை ஓடவிட்டு ஊறுபடுவதனை விலக்குவது நீதியன்று என்றும், குடியாட்சியில் அடக்கப்பட வேண்டியது வலியதே அன்றி எளியதன்று என்றும் அவர் வாதிட்டார்.

காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவிற்குத் தலைவராய் 1949இல் அறிக்கை அளித்த பின்னர், அவர் பதவியை நாடவில்லை. மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்திநிகேதன் ஆசிரமத்திற் குடிசையமைத்து வாழ்ந்தார். நோயுற்றுச் சென்னை வந்து, 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், தம் ஆசான் மறைந்த அதே நாளில், இந்நகரிலேயே உயிர் நீத்தார். அவர் மறைவதற்கு ஏழாண்டுகட்கு முன்னரே, 1953இல், அவர் இளமையிற் கண்ட டிராம் வண்டிகள் சென்னை வீதிகளினின்று நீங்கியிருந்தன.

நண்பர்காள், அவ்வீதிகளின் கணக்கை இன்று நாம் எடுத்துப் பார்ப்போம். மயிலையின் மாடவீதிகள் தேர் உலாவவும் மக்கள் நடக்கவும் அமைந்தவை. தியாகராய நகர், 1920களில் ஏரி வற்றிய நிலத்தின்மேல் பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு வகுக்கப்பட்டது. இங்கெல்லாம் இன்று இருமருங்கும் கார்கள் நிற்க, நடப்பவர் நடுவீதியில் இறங்க வேண்டியுள்ளது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரைச் சுமக்க ஆயிரம் கிலோ எடையுள்ள ஊர்தி ஓடுகிறது. ஒரு கார் நிற்குமிடத்தில் ஏறத்தாழப் பத்துச் சைக்கிள்கள் நிற்கக்கூடும். இரண்டு மூன்று கார்கள் கொள்ளுமிடத்தில் ஐம்பதின்மரைச் சுமக்கும் பேருந்து செல்லக்கூடும். இடம் பொதுவுடைமை, புகையும் பொதுவில் விடப்படுகிறது, வசதி மட்டும் ஒருவர்க்கு. நடாத தோப்பிற் கனி பறிப்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

நம் தோழருள் ஒருவர் சென்ற ஆண்டு லஸ் முனைக்கருகே சைக்கிளிற் செல்கையில், நின்றிருந்த காரின் கதவு திடீரெனத் திறக்க, மோதி விழுந்து கை முறிந்தார். நலம் விசாரிக்க வந்த உறவினரும் ஆசிரியரும், நாமும், சைக்கிளை விட்டுவிடுமாறே அவருக்கு அறிவுரை கூறினோம். பின்னே பாராது கதவைத் திறந்தவரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குமரப்பாவின் வரலாற்றைப் படித்த பின்னரே, டெல்லியில் வண்டியைத் தடுத்த போலீஸார் செய்ததையே நாமும் செய்தோம் என்று உணர்ந்து நாணினோம். பதினோராம் வகுப்பில் அரசினர் விலையின்றி வழங்கிய சைக்கிள்கள் நம்மிற் பலர் வீடுகளில் துருப்பிடித்து நிற்பதற்கும் இவ்வச்சமே காரணம், சோம்பல் அன்று.

நகராட்சியும் இதனை முற்றும் உணராமலில்லை. 2014ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி மோட்டாரில்லாப் போக்குவரத்திற்கென ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவிற் குறைந்தது 60 விழுக்காடு நடப்போர்க்கும் சைக்கிளோட்டுவோர்க்கும் உரியதென வகுத்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. அங்கே முதியோர் கைவீசி நடப்பதையும் சிறார் ஓடியாடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். கொள்கை ஏட்டிலும், பயன் ஒரு வீதியிலும் நின்றுவிட்டால் போதுமா? திரு. வி. க. பாலத்தின்மேல் அடையாற்றைக் கடக்கும் மாணவனுக்கும் அப்பயன் சேர வேண்டாமா?

நோயாளரையும் நடக்கவியலாதாரையும் சுமக்கக் கார் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அவரினும் மிகுதியாக அதில் ஏறுவோர் நடக்க வல்லவரே. அவர்க்கு நல்ல பேருந்தும் நிழலுள்ள நடைபாதையும் அச்சமற்ற சைக்கிள் வழியும் அமைந்தால், கார் தேவைக்கு உரியதாய்த் தன் அளவில் நிற்கும். எருசலேம் நகருக்குள் அரசராய் நுழைந்த நம் ஆண்டவரும் கழுதைக்குட்டியின்மேல் அன்றோ வந்தார்! மெல்லச் செல்லும் ஊர்தியால் எவர் பெருமையும் குறைவதில்லை.

குமரப்பா நமக்கு விட்டுச் சென்றது செல்வமன்று, ஒரு வினா. வீதியிற் செல்லும்போதெல்லாம் இதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று கேட்போமாக. விழுந்தவரை விலகச் சொல்லுமுன், வீழ்த்தியதை அடக்குவோமாக. கை நலமுற்ற நம் தோழர் மீண்டும் சைக்கிளேறும் நாளில், அவரைத் தனியே விடாது நாமும் உடன் செல்வோமாக.