கல்லணையின் மாணவர்

கத்திரி வெயில் உச்சத்தில் நிற்கும் மே 15-ஆம் நாள், சர் ஆர்தர் காட்டனின் பிறந்த நாள். ஆந்திரத்தின் கோதாவரிப் படுகையில் அவருடைய சிலைகளுக்கு அன்று மாலை விழும். காவிரிக் கரையிலோ அந்த நாள் பெரும்பாலும் ஓசையின்றிக் கடந்து போகிறது. கோதாவரியை வளப்படுத்திய அந்தப் பொறியாளர் தம் தொழிலின் அடிப்படையைக் கற்றது நம் காவிரியில்தான். ஆகவே, அவரை நினைவுகூரும் கடமை தஞ்சைத் தரணிக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு என்று கருதுகிறேன்.

1803-இல் பிறந்த காட்டன், கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் பயின்று, 1821-இல் சென்னை வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 18. பர்மியப் போரிலும் பிற பணிகளிலும் சில ஆண்டுகள் கழிந்த பின், காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது காவிரி நோயுற்றிருந்தது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, ஓட்டம் வேகமானது. எனவே, ஆண்டுக்கு ஆண்டு நீர் அந்தப் பக்கமே மிகுதியாகச் சரிந்தது. காவிரியின் படுகையில் மணல் மேடிட்டது. வாய்க்கால்களுக்குத் தண்ணீர் ஏறாமல் தஞ்சையின் வயல்கள் வாடின. மேடிட்ட மணலை ஆண்டுதோறும் அள்ளியும் கரைகளை உயர்த்தியும் பார்த்த கம்பெனி அதிகாரிகளுக்கு நிலையான தீர்வு கிட்டவில்லை. கொள்ளிடத்தின் குறுக்கே ஓர் அணை கட்டினால் தீரும் என்பது எளிதில் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால், பாறையே தட்டுப்படாத ஆற்று மணலில் அஸ்திவாரம் எங்கே ஊன்றுவது?

அதற்கான விடை சில மைல் கிழக்கே, பல நூற்றாண்டுகளாக வெள்ளத்தைத் தாங்கி நின்றுகொண்டிருந்தது. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையைக் காட்டன் கூர்ந்து ஆராய்ந்தார். அதன் அடியிலும் மணலே இருந்தது. ஆற்றில் இட்ட பெருங்கற்கள், அடிமணல் அரிக்கப்பட அரிக்கப்படக் கீழிறங்கும். அவற்றின் மேல் மேலும் கற்களை இட்டுக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் அவை அசையாமல் நிலைகொள்ளும். ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல், ஆற்றைக் கொண்டே அஸ்திவாரத்தை இறுகச் செய்யும் இந்த நுட்பத்தை எந்த ஐரோப்பியப் பாடநூலும் அவருக்குக் கற்றுத் தந்திருக்கவில்லை.

1836-இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரை என்று நாம் அழைக்கும் கீழணையும் எழுந்தன. காவிரிக்கு மீண்டும் நீர் திரும்பியது. திரும்பிய நீர் அளவுக்கு மிஞ்சிக் காவிரியின் படுகையை அரிக்கத் தொடங்கியதால், சில ஆண்டுகளில் அதன் தலைப்பிலும் ஒரு தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று. ஆற்றின் ஒரு கையைப் பிடித்தால் மறு கை அசையும் என்ற பாடத்தையும் காவிரி இவ்வாறு கற்பித்தது.

கற்ற பாடத்தோடு அவர் கோதாவரிக்குச் சென்றார். 1833-ஐ ஒட்டிய பஞ்சத்திலும் தொடர்ந்த புயல் சேதத்திலும் அந்தப் பகுதி குலைந்து கிடந்தது. ஆறு நிறைய நீர் வங்கக் கடலுக்குப் போக, கரையோரத்தில் மக்கள் பசியால் மடிந்தனர். 1844-இல் காட்டன் அணைத் திட்டத்தைப் பரிந்துரைத்தார். 1847-இல் தவளேஸ்வரத்தில் பணி தொடங்கி, 1852-இல் நிறைவடைந்தது. ஆற்றின் நடுவே இருந்த தீவுகளை இணைத்து, நான்கு பகுதிகளாக, மணலின் மீதே அந்த நீண்ட அணை நின்றது. வீணம் வீரண்ணா என்ற இந்தியர் அந்தப் பணியில் அவருக்கு வலக்கையாக இருந்தார். பஞ்சப் பகுதி சில பத்தாண்டுகளில் நெற்களஞ்சியமாக மாறியது.

காட்டனிடம் நான் பெரிதும் மதிப்பது இதற்குப் பின் நடந்ததை. புகழ் வந்த பிறகு, அந்த அறிவு முழுவதும் தம்முடையது என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையை இந்நாட்டின் பழைய கட்டுமானர்களிடமிருந்தே கற்றதாகவும், கோதாவரி அணை அந்தப் பாடத்தின் பயனே என்றும் அவர் வெளிப்படையாக எழுதினார். ஆளப்படும் மக்களுக்கு அறிவு உண்டு என்பதையே ஒப்புக்கொள்ளாத காலத்தில், ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அவ்வாறு எழுதியது சிறிய செய்தியன்று.

அவர் குறைகளற்றவர் என்று சொல்ல முடியாது. அவர் கம்பெனியின் ஊழியர். அணைகளுக்காக அவர் வாதிட்டபோது, மக்களின் பசியோடு அரசின் வருவாய்க் கணக்கையும் சேர்த்தே முன்வைத்தார். நீர்ப் போக்குவரத்தின் மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கையும் சில இடங்களில் எல்லை மீறியது. அவர் ஆதரித்த கர்நூல் - கடப்பை கால்வாய் மதிப்பீட்டைவிடப் பன்மடங்கு செலவை விழுங்கியது. எதிர்பார்த்த பயனைத் தராததால் 1882-இல் அரசே அதை வாங்க நேர்ந்தது. எதிரிகளுக்கு அது நல்ல ஆயுதமாயிற்று.

ஆயினும், அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி நியாயமானது. தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவைச் சூறையாடிய பின், 1878-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் 75 வயது முதியவராக அவர் சாட்சியம் அளித்தார். ரயில் பாதைகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியையேனும் நீருக்குச் செலவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். ரயில் விளைந்த தானியத்தை இடம் மாற்றும். நீரோ தானியத்தையே விளைவிக்கும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். குழு அவரிடம் கடுமை காட்டியது. அவர் தளரவில்லை. 1899 ஜூலையில், தமது 96-ஆவது வயதில் இங்கிலாந்தில் மறைந்தார்.

காட்டனைப் போற்றுவது எளிது. அவரைப் போல் கற்பது கடினம். 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. பழைய கட்டுமானத்தின் முதுமை மட்டுமே காரணம் என்று என்னால் ஆறுதல் அடைய முடியவில்லை. மணலின் மீது நிற்கும் அணைக்கு மணலே உயிர். கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதை நிறுத்துங்கள் என்று கரையோர விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். கல்லணையைக் கட்டியவர்களும் காட்டனும் மணலைத் துணையாகக் கருதினார்கள். நாம் அதை லாரிச் சரக்காகக் கருதினோம்.

இப்போது முக்கொம்பில் புதிய கதவணை நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று குறுவைக்குக் காத்திருக்கும் டெல்டாவில், கோடைதான் தூர் வாருவதற்கும் கரை பார்ப்பதற்கும் உரிய காலம். வாய்க்காலின் எந்த வளைவில் மண் சேரும், எந்த மதகு முதலில் கசியும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக மடை பார்த்தவர்கள் அறிவார்கள். ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் பொறியாளர்கள் அவர்களோடு கரையில் நடந்து, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அயல் நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்தது அதைத்தான்.