எண்களின் கணக்குப்பிள்ளை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தறி ஓசை கேட்கும் ஐயம்பேட்டை ஒன்று. தஞ்சை ஜில்லாவில் இன்னோர் ஐயம்பேட்டை. பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்டால் கடிதம் எங்கே போய்ச் சேருமோ! அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972-ல் பின்கோடு வந்தது. முன்னதற்கு 631 என்றும், பின்னதற்கு 614 என்றும் எண் தொடங்கும்.

நெசவாளர் வீட்டுக் கைப்பேசியிலிருந்து பட்டுச் சேலையின் படம் வெளியூர் போவதும் எண்ணைப் பார்த்துத்தான். 'ஐ.பி. முகவரி' என்று அதற்குப் பெயர். அந்த எண்களின் பேரேட்டைக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்தவர் ஜான் போஸ்டல்.

அவர் 1943-ம் வருஷம் கலிபோர்னியாவில் பிறந்தார். 1969-ல் அமெரிக்க ராணுவ இலாகாவின் பணத்தில் 'ஆர்பாநெட்' பிறந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் கலாசாலையில் மாணவர். எந்த எண் எதற்கு என்று எழுதி வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பிறர் அலுத்துக்கொள்ளும் அந்தக் குமாஸ்தா வேலையை அவர் விரும்பி ஏற்றார். நீண்ட தாடி, காலில் சாதாரணச் செருப்பு. பார்த்தால் பெரிய அதிகாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

1981-ல் ஐ.பி. விதிகளைத் தொகுத்து வெளியிட்டவரும் அவரே. 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்கள் சேர்ந்தால் ஒரு முகவரி. மொத்தம் சுமார் 429 கோடி. அப்போது அது கடல்போலத் தோன்றியது. 2011-ல் மத்தியக் கையிருப்பு தீர்ந்தே போயிற்று! அதனால்தான் இன்னும் நீளமான புது எண்களும் புழங்குகின்றன. பழைய எண் ஒன்றையே பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. இன்று உங்களிடமுள்ள எண் நாளை வேறொருவருக்குப் போகலாம். ஆகையால் எண்ணை மட்டும் வைத்து ஆளைச் சொல்லிவிட முடியாது. இணைப்புத் தரும் கம்பெனியின் பதிவேட்டையும் பார்க்கவேண்டும்.

வியாபாரம் பெருகியதும் பேரேடு யாருக்குச் சொந்தம் என்ற தகராறு மூண்டது. 1998 ஜனவரியில் போஸ்டல் ஒரு காரியம் செய்தார். இணையப் பெயர்களுக்கு உரிய எண்களைக் காட்டும் மூல யந்திரங்களை நடத்துவோரில் எட்டுப் பேருக்கு, இனி என் யந்திரத்திலிருந்து நகல் எடுங்கள் என்று எழுதினார். அத்தனை பேரும் கீழ்ப்படிந்தார்கள். வாஷிங்டன் பதறியது. வெறும் பரீட்சைதான் என்று சொல்லிப் பழையபடி மாற்றிவிட்டார். பரீட்சையோ, பலப்பரீட்சையோ! சட்டம் தராத அதிகாரத்தை நம்பிக்கை தந்திருந்தது என்பதே என் எண்ணம்.

தனி மனிதரை நம்பி இது நடக்கலாகாது என்பதை அவரும் உணர்ந்தே இருந்தார். பேரேட்டை ஒப்புக்கொள்ள 'ஐகான்' என்ற ஸ்தாபனம் அந்தச் செப்டம்பரில் பதிவாயிற்று. அக்டோபர் 16-ந் தேதி, இருதய சிகிச்சைக்குப் பின் போஸ்டல் காலமானார். வயது 55.