அட்டையில் பூ பூக்க வைத்தவர்!

ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் சேவூர், பட்டுச்சேலை நெய்கிற ஊர். பூ வேலைப்பாடு நெய்யும் தறியின் மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும். நெசவாளர் மிதிக்க மிதிக்க அட்டைகள் ஒவ்வொன்றாக நகரும். கீழே சேலையில் மயிலும் மாங்காயும் முளைக்கும். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஜக்கார்டு. அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியுமா, குட்டீஸ்?

ஜோசப் மேரி ஜக்கார்டு, 1752 ஜூலை 7-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். அப்பா பட்டு நெசவாளர். ஜக்கார்டு பள்ளிக்கூடம் போகவில்லை. 13 வயதில்தான் அக்காவின் கணவர் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் பூப்போட்ட பட்டு நெய்ய, நெசவாளருடன் ஒரு சிறுவனும் வேண்டும். எந்தப் பாவு நூல் எப்போது மேலே எழ வேண்டுமோ, அதற்கான கயிற்றை அவன் இழுக்க வேண்டும். நாள் முழுக்க அதே வேலை! கை மரத்துப்போகும். ஒரு கயிற்றை மாற்றி இழுத்தால் பூ கோணலாகிவிடும்.

அப்பா விட்டுச் சென்ற சொத்து கடனில் கரைந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல் லியோன் நகரம் முற்றுகையிடப்பட்டது. ஜக்கார்டு தன் மகனோடு சேர்ந்து போரிட்டார். பிறகு இருவரும் ராணுவத்தில் சேர்ந்தனர். போரில் மகன் இறந்துபோனான். தனியாக ஊர் திரும்பிய ஜக்கார்டு, தறியே கதி என்று இருந்தார்.

பாரிஸ் நகரில் வோகான்சன் என்பவர் செய்த பழைய தறி ஒன்று கிடந்தது. அதை ஆராய்ந்து, ஃபால்கன் என்பவரின் துளை அட்டை யோசனையையும் சேர்த்து, 1804 வாக்கில் புதிய கருவியை உருவாக்கினார். ஆக, எல்லாமே அவர் ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால், ஒன்றாகச் சேர்த்து ஓட வைத்தது அவர்தான்.

சூட்சுமம் இதுதான்: ஒவ்வொரு முறை ஊடை நூல் ஓடுவதற்கும் ஓர் அட்டை. துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும்; அதனுடன் சேர்ந்த பாவு நூல் மேலே எழும். துளை இல்லையா? நூல் அப்படியே கிடக்கும்.

ஓர் அட்டையில் துளை தப்பாக விழுந்துவிட்டால்? அதே பிசகு ஒவ்வொரு பூவிலும் திரும்பத் திரும்ப வரும். பூவின் எத்தனையாவது இழையில் பிசகு என்று எண்ணிப் பார்த்தால், எந்த அட்டை என்று தெரிந்துவிடும். அதை மட்டும் கழற்றிப் புது அட்டையைக் கோத்தால் போதும். தறியையும் பிரிக்க வேண்டாம், பாவையும் அறுக்க வேண்டாம்!

1805-இல் பிரான்ஸ் அரசு இந்தத் தறியைப் பொதுச்சொத்தாக்கி, ஜக்கார்டுக்கு உதவித்தொகை வழங்கியது. ஆனால், நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கயிறு இழுப்பவர்களுக்குப் பிழைப்பு போய்விடுமே! அந்தப் பயம் நியாயமானதுதான். இருந்தாலும் சில ஆண்டுகளில் பிரான்ஸ் முழுவதும் ஜக்கார்டு தறிகள் ஆயிரக்கணக்கில் பரவின. 1834 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஜக்கார்டு காலமானார்.

அட்டையின் கதை அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்குப் போடும் எந்திரத்துக்குத் துளை அட்டையையே தேர்ந்தெடுத்தார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணினார்கள். 1940-களில் வந்த மார்க்-1 என்ற கணினிக்குத் துளையிட்ட காகித நாடாவில் கட்டளை கொடுத்தார்கள். தப்பான துளை மேல் காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள்.

இப்போது அட்டையும் இல்லை, நாடாவும் இல்லை. கணினியில் ஏற்றிய மென்பொருள் தொகுப்பில் ஒரு சின்னப் பகுதி தகராறு செய்தால், புரோகிராமர் பிழை எங்கே என்று தேடி, அந்தப் பகுதியை மட்டும் மாற்றுகிறார். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அப்படிச் செய்யும் திருத்தத்துக்கு 'பேட்ச்' என்று பெயர். தமிழில் சொன்னால், ஒட்டு!