மீன் தொட்டிக்குப் பச்சைத் தண்ணி வளர்க்கிறீங்களா? எம்.ஓ.பி.அய்யங்காரைத் தெரிஞ்சுக்கோங்க

கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்தில்கூட இன்று வீட்டுக் கூடத்தில் ஒரு பவளத் தொட்டி வைக்க முடியும். கடல் உப்பு பாக்கெட்டில் வருகிறது. விளக்கும் ஏர் பம்ப்பும் கூரியரில் வந்துவிடும். சிக்கல் தீனியில்தான். தொட்டியில் உள்ள சிப்பி, விசிறிப் புழு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோபிபாட் எல்லாவற்றுக்கும் உயிருள்ள நுண்பாசி வேண்டும். அது வழியிலேயே கெட்டுப்போகும் சரக்கு.

அதனால் பலர் வீட்டிலேயே வளர்க்கிறார்கள். ஒரு பாட்டில் உப்புத் தண்ணி, சில சொட்டு உரம், வெளிச்சம், குழாய் வழியாகக் காற்று, தொடக்கத்துக்குக் கொஞ்சம் நன்னோகுளோராப்சிஸ். ஒரு வாரம், பத்து நாளில் தண்ணி கரும்பச்சை ஆகிவிடும். பாதியைத் தீனிக்கு எடுத்துக்கொண்டு, மீதியில் புதுத் தண்ணியும் உரமும் ஊற்றினால் மறுபடி வளரும். (பவளத்துக்கே இது நேரடி உணவு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான தொட்டிப் பவளங்கள் உடம்புக்குள் பாசியைக் குடிவைத்து, வெளிச்சத்தில் சமைத்துச் சாப்பிடுபவை.)

சரி, அந்தப் பச்சைக்குள் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டுக் குளத்து நீரையும் மழைக் குட்டையையும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியோடே வாழ்ந்த ஒருவர் இருந்தார். மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி அய்யங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும்.

1886 டிசம்பர் 15 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா யார் தெரியுமா? அளசிங்கப் பெருமாள். 1893-ல் விவேகானந்தரை சிகாகோவுக்கு அனுப்ப சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டினாரே, அந்தப் பள்ளி ஆசிரியர். மகன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1909-ல் எம்.ஏ. முடித்தார். அதே வருடம் அப்பா இறந்துபோனார்.

முதல் வேலை அரசு அருங்காட்சியகத்தில். 1911-ல் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளர். 1920-ல் தான் படித்த மாநிலக் கல்லூரிக்கே தாவரவியல் சொல்லிக்கொடுக்க வந்தார். இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலைதான் பிரதானம். லண்டன் குயின் மேரி கல்லூரியில் ஃபெலிக்ஸ் ஃப்ரிட்ஷிடம் ஆய்வு செய்து பிஎச்.டி. வாங்கியது 1930-ல், 43 வயதில். முப்பதைத் தாண்டினாலே லேட் ஆகிவிட்டது என்று பதறுகிறவர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம்.

லண்டனிலிருந்து திரும்பியபின் அவர் வெளியிட்டவை ஒவ்வொன்றும் கனமானவை. 1932-ல் ஃப்ரிட்ஷியெல்லா என்ற புதுப் பேரினத்தை அறிவித்தார், குருவின் பெயரிலேயே. ஈர மண்ணில் வளரும் பச்சைப் பாசி அது. ஒரு பகுதி மண்ணுக்குள் கிழங்கு மாதிரித் திரண்டிருக்கும், இன்னொரு பகுதி மேலே நிமிர்ந்து கிளைவிடும். தண்ணீரில் இருந்த தாவரம் தரைக்கு ஏறியது இப்படித்தானோ என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்கள் இதைப் படம் போட்டுக் காட்டின. இன்றைய வகைப்பாட்டில் தரைத் தாவரங்களின் நேர் சொந்தம் வேறு பாசிக் கூட்டம். ஃப்ரிட்ஷியெல்லா தனியாக அதே வேலையைச் செய்து பார்த்த ஒரு தூரத்து உறவு.

அடுத்த வருடம், 1933-ல், தென்னிந்திய வால்வாக்ஸ் கூட்டத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை வந்தது. மழை பெய்து சில நாளில் குட்டையில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை உருண்டைகள் சுழலும். அதுதான் வால்வாக்ஸ். நூற்றுக்கணக்கான, சில வகைகளில் ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே பந்தாகச் சேர்ந்து நீந்தும். வயிற்றுக்குள் குட்டிப் பந்துகள் இருக்கும். அந்தக் குட்டிப் பந்து முதலில் உள்வெளி மாறித்தான் உருவாகும், பிறகு சட்டையைத் திருப்புவது போலத் தன்னையே திருப்பிக்கொள்ளும். குட்டை காய்ந்தால் ஆட்டம் முடிந்தது. அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டியதுதான். வால்வாக்ஸ் புரோலிஃபிகஸ் என்ற இனம் அவர் பெயர் வைத்தது.

பவளத் தொட்டிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான வேலை ஒன்று உண்டு. 1927-ல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதினார். பவளப் பாறைகள் சூழ்ந்த தீவு அது. இப்போது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒரு துண்டு பவளம் எடுத்தாலும் வனவிலங்குச் சட்டம் பாயும், ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம் டயாட்டம். பாட்டிலில் டயாட்டம் வளர்ப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், பல இனங்கள் மாதக்கணக்கில் வளர வளரச் சிறுத்துக்கொண்டே போகும். தண்ணியிலோ உரத்திலோ கோளாறு இருந்துதான் அப்படி ஆக வேண்டும் என்றில்லை. டயாட்டம் மூடி போட்ட கண்ணாடி டப்பா மாதிரி. பிரியும்போது இரண்டு பாதிகளும் தங்களை மூடியாக வைத்துக்கொண்டு உள்ளே புது அடிப்பாகம் செய்துகொள்ளும். சின்னப் பாதியை எடுத்துக்கொண்ட செல், தாயைவிடச் சின்னதாகத்தானே இருக்கும்? தலைமுறை தலைமுறையாக இப்படியே போனால் ஒன்று அழிய வேண்டும், இல்லை பழைய அளவுக்கு மீள வேண்டும். மீள்வதற்குக் கண்ணாடி ஓட்டைக் கழற்றிவிட்டு உப்பி வளரும் ஆக்சோஸ்போர் என்ற நிலை இருக்கிறது.

அந்த உப்பலுக்கு முன்னால் செல்லின் உட்கருவில் என்ன நடக்கிறது? சைக்ளோடெல்லா மெனகினியானா என்ற வட்ட டயாட்டத்தில் இதைப் பார்த்தவர்கள் அய்யங்காரும் அவர் மாணவர் ஆர்.சுப்ரமணியனும். 1944-ல் வந்த கட்டுரையில், அங்கே குரோமோசோம் பாதியாகக் குறையும் பிரிவு நடக்கிறது என்று படிப்படியாகக் காட்டினார்கள். ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் மறுபடி இணைகின்றன என்றும் எழுதினார்கள். 1968-ல் அதே இனத்தில் நீந்தும் ஆண் அணுக்களை வேறு இருவர் கண்டதும் கதை சிக்கலானது. குரோமோசோம் குறைவது எந்த இடத்தில் என்று அவர்கள் சொன்னதுதான் பெரிய விஷயம்.

அந்தக் கட்டுரை வந்த 1944-லேயே பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு. அடுத்து வந்த டி.எஸ்.சதாசிவனின் துறை பூஞ்சையும் பயிர் நோயும். பாசி வேலை அத்தோடு படுத்திருக்கலாம். மாணவர்கள் அதை விடவில்லை. சுப்ரமணியன் சென்னைக் கடலோரத்து மிதவை டயாட்டங்களைப் பட்டியல் போட்டு 1946-ல் வெளியிட்டார். பிறகு கடல் மீன் ஆராய்ச்சிப் பக்கம் போய், மேற்குக் கடற்கரையின் நுண்பாசிகளைப் பற்றி 1959-ல் விரிவாக எழுதினார். அதே வருடம் டி.வி.தேசிகாச்சாரியின் நீலப்பச்சைப் பாசி நூல் வந்தது. உலகம் முழுக்க இனம் கண்டுபிடிக்கக் கையில் எடுக்கும் புத்தகம் அது.

அய்யங்கார் ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. 1958-ல்கூட ஸ்பைரோகைராவில் ஜோகன்சிஸ் என்ற புது இனத்தை எழுதினார். 1962-ல் இந்தியப் பாசியியல் சங்கத்தின் முதல் தலைவர் ஆனார். 1963 டிசம்பர் 10 அன்று, 77 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது, காலமானார்.

வால்வாக்ஸ் கூட்டத்தைப் பற்றிய முழு நூல் அப்போது வெளிவந்திருக்கவில்லை. தேசிகாச்சாரி அதைக் கைவிடவில்லை. குரு இறந்து 18 வருடம் கழித்து, 1981-ல், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வால்வோகேல்ஸ் நூலை வெளியிட்டது. ஆசிரியர்கள் இருவர்: அய்யங்கார், தேசிகாச்சாரி. அய்யங்கார் பெயர் முதலில்.