பிழையை அளக்கக் கற்றுத் தந்தவர்

கப்பலின் முகப்பில் அலை மோதுவதையும், அணை மதகில் வெள்ளம் பாய்வதையும் இன்று கணினியிலேயே முன்கூட்டிக் கண்டுவிடுகிறோம். வெளியைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அழுத்தத்தையும் வேகத்தையும் கணக்கிடுவதே இதற்கான வழிமுறை. நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் அடர்த்தி சட்டென மாறுவதால், அங்கே கட்டங்களை மேலும் நுணுக்குகிறார்கள். எவ்வளவு நுணுக்கினால் போதும்? இக்கேள்விக்கு வழிகாட்டியவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்.

1881-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கல் அணைக்குள் எழும் தகைவுகளைக் கட்டமுறையில் கணக்கிட்டு 1910-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதே முறையால் வானிலையையும் கணிக்க முடியும் என்று நம்பினார்.

முதல் உலகப் போரின்போது, 1916-இல் வானிலைத் துறைப் பணியைத் துறந்து, பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டச் சென்றார். ஓய்வு வேளைகளில், வைக்கோல் குவியலையே அலுவலகமாக்கி, 1910 மே 20-ஆம் நாளின் வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். கட்டங்களின் அகலம் ஏறத்தாழ 200 கி.மீ. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. 1917-இல் தொலைந்த கையெழுத்துப் படி, சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

1922-இல் வெளியிட்ட நூலில் அவர் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. முழுக் கணக்கையும் அச்சிட்டார். அதனால்தான், குறை முறையில் இல்லை, தொடக்கத் தரவுகளின் ஒவ்வாமையில் இருந்தது என்பதைப் பின்வந்தோர் கண்டறிய முடிந்தது.

ஒரே கணக்கைப் பெரிய கட்டங்களிலும் சிறிய கட்டங்களிலும் செய்து, விடைகளின் வேறுபாட்டிலிருந்து பிழையை மதிப்பிடும் வழியையும் அவர் வகுத்தார். இன்றும் பாய்மவியல் பொறியாளர்கள் தங்கள் கட்டங்களைச் சோதிப்பது அவர் பெயர் தாங்கிய அம்முறையில்தான்.

வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் வந்ததும், 1920-இல் மீண்டும் பதவி விலகினார். பிற்காலத்தில் போர்களின் காரணங்களை ஆராய்ந்தபோது, ஸ்பெயின்–போர்ச்சுகல் எல்லையின் நீளம் ஓரிடத்தில் 987 கி.மீ. என்றும், வேறிடத்தில் 1,214 கி.மீ. என்றும் பதிவாகியிருப்பதைக் கண்டார். அளவுகோல் சிறுத்தால் எல்லை நீளும் என்று விளக்கினார். 1953-இல் மறைந்தார்.

கணினி தரும் வண்ணப்படங்களை நம்பி அணையும் பாலமும் எழும் காலம் இது. கட்டத்தை இன்னும் சிறிதாக்கினாலும் இந்த விடை நிலைக்குமா என்று கேட்காத கணக்கு, எத்தனை அழகாக இருந்தாலும் வெறும் ஊகமே.