குழந்தைகளுக்காகப் பேசிய காமிரா

ஓர் ஊரில் பைபிள் விற்பவர். அடுத்த ஊரில் படக் கார்டு வியாபாரி. இன்னோர் ஊரில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. இப்படிப் பல வேஷம் போட்டு ஆலைகளுக்குள் நுழைந்தார் ஒருவர். அவர் திருடர் அல்ல, போலீஸ்காரரும் அல்ல. படம் பிடிப்பவர்! அவர் பெயர் லூயிஸ் ஹைன்.

கூலி வேலை

ஹைன் 1874-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஓஷ்கோஷ் என்ற ஊரில் பிறந்தார். 1892-ல் அவருடைய தந்தை விபத்தில் இறந்தார். குடும்பப் பாரம் மகன் தலையில் விழுந்தது. தொழிற்சாலையில் கூலி வேலை செய்தார். கஷ்டப்பட்டுப் படித்து ஆசிரியர் ஆனார்.

1901-ல் நியூயார்க் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே தலைமை ஆசிரியர் அவர் கையில் ஒரு காமிராவைக் கொடுத்தார். அதுவே அவர் வாழ்வை மாற்றியது.

17 லட்சம் குழந்தைகள்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகள் பள்ளிக்குப் போகவில்லை; வேலைக்குப் போனார்கள். 10 முதல் 15 வயது வரை உள்ள 17 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் வேலை செய்ததாக 1900-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு கூறியது.

இதைத் தடுக்கப் பாடுபட்டது தேசியக் குழந்தைத் தொழிலாளர் கமிட்டி. 1908-ல் ஹைன் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, அந்தக் கமிட்டிக்காகப் படம் எடுக்கப் புறப்பட்டார்.

நிலக்கரிச் சுரங்கங்களில் சிறுவர்கள் குனிந்து உட்கார்ந்து, கரியோடு வரும் கல்லைப் பொறுக்கினார்கள். விரல்கள் கிழிந்தன. மூச்சில் கரித்தூள் ஏறியது. பஞ்சாலைகளில் சிறுவர்கள் வெறுங்காலோடு இயந்திரத்தின் மேல் ஏறி, அறுந்த நூலை முடிந்தார்கள். எல்லாவற்றையும் ஹைன் படம் பிடித்தார்.

பொத்தான் கணக்கு

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அவரை உள்ளே விட மறுத்தார்கள். அதற்காகத்தான் வேஷம். அதுவும் பலிக்காவிட்டால், ஆலை வாசலில் காத்திருந்து, வேலை முடிந்து வரும் பிள்ளைகளைப் படம் எடுத்தார்.

படம் மட்டும் இருந்தால் பொய் என்று தள்ளிவிடலாம். ஆகவே இடம், தேதி, வயது எல்லாம் அவருக்கு வேண்டியிருந்தது. தம் கோட்டில் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்திருந்தார். அருகில் நிற்கும் பையனின் தலை எந்தப் பொத்தானுக்கு எட்டுகிறது என்று பார்ப்பார். உயரம் தெரிந்துவிடும். கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி, பிறர் அறியாமல் குறித்துக்கொள்வார்.

சட்டம் வந்தது

அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன, கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். 1912-ல் குழந்தைகள் நலனுக்கென அரசாங்கம் தனி இலாகா அமைத்தது. 1916-ல் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஆனால் 1918-ல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்று தீர்ப்புக் கூறிவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1938-ல், நிலையான சட்டம் பிறந்தது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் 16 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை அது தடுத்தது.

கடைசிக் காலம்

ஹைன் தளரவில்லை. 1930-ல் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது, ஐம்பது வயதைத் தாண்டிய அவர் அந்த உயரத்துக்கு ஏறி, தொழிலாளர்களைப் படம் பிடித்தார்.

பிறகு வேலை கிடைக்கவில்லை. கடன் ஏறியது. வீடும் கைவிட்டுப் போயிற்று. 1939-ல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில், 66-வது வயதில், வறுமையிலேயே ஹைன் கண்ணை மூடினார். அவர் விரும்பிய சட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார். அதுதான் அவருக்குக் கிடைத்த கூலி.

கமிட்டிக்காக அவர் எடுத்த 5 ஆயிரத்துக்கும் அதிகமான படங்கள் வாஷிங்டன் நகரில் உள்ள நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கரி படிந்த அந்தப் பிஞ்சு முகங்கள் இன்றும் நம்மைப் பார்க்கின்றன.