கடவுளின் இடத்தில் சத்தியம்: கோரா வீட்டுத் திருமணம்

புது தில்லி: மகாராஷ்டிரத்தின் சேவாகிராமத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட ஒரு சிறு குழு, 1962-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தலைநகரை வந்தடைந்தது. அமைச்சர்கள் ஆடம்பரத்தைக் கைவிட வேண்டும், ஆட்சியில் கட்சி அரசியல் ஒழிய வேண்டும் என்பவை அக் குழுவின் கோரிக்கைகள். இரண்டில் ஒன்றும் நிறைவேறவில்லை என்பதைத் தில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடைப்பயணத்துக்குத் தலைமை வகித்தவர், கோரா என்று நாடறிந்த கோபராஜு ராமச்சந்திர ராவ். காந்தியவாதி, அதே அளவுக்கு நாத்திகர். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் எவ்வாறு பொருந்தின என்பதற்கு அவருடைய மகளின் திருமணமே விடை.

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த, இன்று ஒடிசாவைச் சேர்ந்த சத்ரபூரில் 1902 நவம்பர் 15-ல் தெலுங்குப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார் கோரா. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் கொழும்பிலும் ஆசிரியப் பணி. பூணூலைக் களைந்ததால் சாதியார் அவரை விலக்கி வைத்தனர். மனைவி சரஸ்வதியோ, கருவுற்றிருந்த காலத்தில் கிரகணத்தை வெளியே நின்று பார்த்தார். அக்காலத்தில் அது சாதாரணத் துணிவன்று.

நாத்திகக் கருத்துகளுக்காக 1933-ல் காக்கிநாடா கல்லூரி அவரைப் பணிநீக்கம் செய்தது. பின்னர் மசூலிப்பட்டினம் கல்லூரிப் பணியும் நிலைக்கவில்லை. 1940-ல் கிருஷ்ணா மாவட்டத்தின் முதுனூரு கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கினார். பெயர் அப்படி இருந்தாலும், அங்கு நடந்தவை பெரும்பாலும் முதியோர் கல்வியும் எல்லாச் சாதியினரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்துகளும்தான். கடவுள் இல்லை என்று மேடையில் நிறுவுவதைவிட, தீண்டாதார் எனப்பட்டவரோடு ஒரே பந்தியில் அமர்வதே அவருக்கு முக்கியமாக இருந்தது. 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் கணவன், மனைவி இருவரும் சிறை சென்றனர்.

கடவுள் என்றால் என்ன என்று கேட்டு 1930-லேயே காந்திக்குக் கடிதம் எழுதியவர் கோரா. நேரில் விரிவாக உரையாடும் வாய்ப்பு 1944-ல்தான் கிடைத்தது. பிரார்த்தனையை உயிராகக் கருதிய காந்தி, பிரார்த்தனையில் நம்பிக்கையற்ற இவரை ஆசிரமத்திலிருந்து விலக்கவில்லை. இவருடைய தீண்டாமை ஒழிப்புப் பணியைக் கூர்ந்து கவனித்தார்.

மூத்த மகள் மனோரமாவை, தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த அர்ஜுன ராவுக்கு மணம் முடிக்க கோரா முடிவு செய்தார். சேவாகிராமத்தில் தாமே அத்திருமணத்தை நடத்திவைக்க காந்தி இசைந்தார். ஆனால் மணச்சடங்கில் கடவுள் பெயர் வருமே? நாத்திகரின் மனசாட்சியைக் காந்தி மதித்தார். கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகச் சத்தியம் என்று சொல்ல ஒப்புக்கொண்டார். விட்டுக்கொடுத்தவர் யார் என்று இன்றும் வாதிடலாம். மணமகளின் வீட்டாருக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை.

திருமணத்தைக் காண காந்தி இல்லை. 1948 ஜனவரி 30-ல் தில்லியில், மத வெறியன் ஒருவனின் துப்பாக்கிக்குப் பலியானார். கோரா திருமணத்தைக் கைவிடவுமில்லை, இடத்தை மாற்றவுமில்லை. ஆறு வாரங்கள் கழித்து, மார்ச் 13 அன்று அதே சேவாகிராமத்தில் சத்தியத்தின் பெயரால் மணம் நடந்தது. காந்திக்குப் பின் என்ன செய்வது என்று ஆராய, நேருவும் வினோபாவும் மற்ற தலைவர்களும் அங்கு கூடியிருந்த நாள்கள் அவை.

காந்தியுடனான உரையாடல்களைக் கோரா ஒரு நூலாக எழுதினார். அதை 1951-ல் வெளியிட்டது, காந்தியின் நவஜீவன் பதிப்பகமே. உப்புச் சத்தியாக்கிரக நினைவாக ‘லவணம்’ என்று பெயர் சூட்டப்பட்ட மகன், பின்னாளில் தெலுங்குக் கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் மகள் ஹேமலதாவை மணந்தார். அதுவும் சாதி மறுப்புத் திருமணம்.

1947-ல் விஜயவாடாவுக்கு இடம் மாறிய மையத்திலேயே கோராவின் எஞ்சிய வாழ்நாள் கழிந்தது. 1975 ஜூலை 26-ல், கூட்டமொன்றில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. 2002-ல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. கணவருக்குப் பின் மையத்தை வழிநடத்திய சரஸ்வதி, 2006-ல் காலமானார்.